நாப்பத்தோரு குண்டு

தும்முங்க, தும்முங்க, வெட்கப்படாதீங்கம்மா. மிளகா வத்தல் மண்டிக்குள்ள வந்து தும்மாமப் போன ஆளு இதுவரைக்கும் கிடையாது. புது வத்தல் வந்து இறங்குற மாசம், அதான் நெடி இம்புட்டு. மாடிக்கு வந்துட்டோம்ல, இனி குறைஞ்சிரும். அந்தச் சன்னலைச் சாத்திடுறேன். பன்னீர் சோடா வரச் சொல்லியிருக்கேன், குடிங்க.

பேரு என்ன சொன்னீங்க? பிரதீபா. சரி. அந்த விண்கடல் கம்ப்யூட்டர் விளையாட்டுல குண்டுக்கு விலை போடுறது நீங்கதானா? நான் யாரோ மீசை வச்ச ஆளுன்னுல்ல நினைச்சேன். 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு போட்டுப் பதினாலு மெயில் எழுதினேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. இப்ப நாப்பத்தோரு குண்டுல, மலை கணக்கா நிக்கிற ஒரு மலைக் கப்பலை உடைச்சேன்னதும் சென்னையில இருந்து ரயிலேறி விருதுநகருக்கே வந்துட்டீங்க. திருட்டு வேலை எதுவும் பண்ணலம்மா. எனக்குக் கம்ப்யூட்டர்ல எழுத்தைப் பெருசாக்கக்கூடத் தெரியாது. முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க, அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

போன ஆவணியில எங்க வீட்டுக்காரர் கீழே குடோன்ல மூட்டை எண்ணுறேன்னு அடுக்குமேல ஏறினாக. எண்ணுறதுக்கு ஆளு இருக்கு. நானே இருக்கேன். கேட்டாத்தானே? பதினொண்ணாவது மூட்டையில காலு வழுக்கி, குதிகால் எலும்பு விட்டுப்போச்சு. ஆறு மாசம் கட்டிலைவிட்டு இறங்கப்படாதுன்னுட்டார் டாக்டர். சௌந்தரபாண்டி முதலாளியைக் கட்டிப்போட முடியுமா? ஒரு நாற்காலியில பத்து நிமிஷம் சேர்ந்தாப்புல உக்காராத மனுசன். படுத்த இடத்துல இருந்தே என்னை விரட்டினாக. தண்ணி சூடா இல்ல, ஃபேன் சத்தம் போடுது, தெருவுல யாரு போறா, லாரி வந்துச்சா. நாலாவது நாளு நானே எங்க கணக்கர் ஐசக் சாரைக் கூப்பிட்டு, 'இவுகளுக்கு ஏதாவது பொழுதுபோக்குக் காட்டிக்குடுங்க, புண்ணியமாப் போகும்'னேன். அவரு உங்க விளையாட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டுப் போனார்.

முதல் வாரம் சும்மா கல்லு வெட்டினாக. விண்வெளியில மிதக்குற கல்லு, வெட்டி வித்தா துகள் கிடைக்கும். உங்க ஊர்க் காசு அதுதானே. ரெண்டாவது வாரம் தென்திசைப் படைன்னு ஒரு கூட்டத்துல சேர்ந்தாக. மூணாவது வாரம் தளபதி. எப்படின்னு கேக்காதீங்க, அவுக சத்தம் அப்படி.

சாயங்காலம் ஏழு மணியானா சண்டை. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, காலைத் தலையணைமேல தூக்கி வச்சுக்கிட்டு, 'அடி! விடாத, அடி!'ன்னு ஒரே கத்து. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, 'தமயந்தி, உங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லையே'ன்னு கேட்டாங்கன்னாப் பாருங்க.

குறி பார்க்கிற பழக்கமே அவுகளுக்குக் கிடையாது. எதிரி இருக்கிற திக்குல பீரங்கியைத் திருப்பி வச்சுட்டு, பொத்தானை அமுக்கிட்டு, காபியைக் குடிப்பாக. நிமிஷத்துக்கு அறுபது குண்டு போகும். அதுல அம்பத்தாறு வானத்துக்கு. பத்து நிமிஷத்துல காலி. காலியானதும், 'தமயந்தி, குண்டு இல்ல!' அடுப்படியில நிக்கிற எனக்குக் கேக்கும். உப்பு இல்லைங்கிற மாதிரி. நான் என்னத்தை எடுத்துக் குடுக்க?

ஒரு நாளு பொறுக்க முடியாம, கரண்டியும் கையுமாப் போய்ப் பார்த்தேன். நடு வானத்துல கப்பலு சும்மா நிக்குது, சுத்தி நின்னு நாலு பேரு அடிக்கிறான். 'ஒரு குண்டு என்ன விலை?'ன்னேன். 'ஒம்பது துகளு. நேத்து நாலுதான்'னாக. 'நேத்து நாலு, இன்னைக்கு ஒம்பது, ஏன்?' அதுக்கு அவுக, 'அது விளையாட்டு, தமயந்தி. அதெல்லாம் அப்படித்தான்'னாக.

அப்படித்தான்னா எப்படித்தான்? இருபத்தேழு வருசமா வத்தல் விலை ஏறுறதும் இறங்குறதும் பார்த்தவ நான். மறுநாள் அவுக மாத்திரை போட்டுத் தூங்கின நேரம், அந்தச் சந்தையைத் திறந்து பார்த்தேன். பத்தே நாளுல வெளங்கிருச்சு. திங்கள் செவ்வாய் காலையில ஒருத்தரும் சண்டை போடுறதில்ல, குண்டு ரெண்டு துகளுக்குச் சீந்துவாரில்லாமக் கிடக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா வந்து விழுறாங்க, ஒம்பது, பத்து. அப்ப திங்கக்கிழமை வாங்கி வச்சா என்ன? இதுல என்னம்மா சூட்சுமம் இருக்கு?

எனக்குன்னு ஒரு பேரு போட்டுக்கிட்டேன். 'மண்டி'. ஒரு பழைய சரக்குக் கப்பல், முக்கி முனகிக்கிட்டு வண்டி மாதிரிப் போகும். முதல்ல அவுக படைக்கு மட்டும்தான் வாங்கிக் குடுத்தேன். அதுல மிஞ்சுனதை வித்தேன். வித்ததுல கந்தகம் வாங்கி நானே குண்டு செய்ய ஆரம்பிச்சேன். ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள கப்பலுங்க வந்து நிக்கிற நாலு நிலையத்துல எனக்குக் கடை. எனக்குச் சண்டையில ஆசை கிடையாதும்மா, அதை எழுதிக்கோங்க. மத்தவங்க குண்டில்லாமத் தவிக்கக் கூடாதுங்கிறதுதான்.

அப்பத்தான் பரிமளா வந்தா. அங்கே அவ பேரு கருடன். வடதிசைப் படைக்குத் தலைவி, எங்க வீட்டுக்காரருக்குப் பரம விரோதி. நிஜத்துல கும்பகோணத்துல பல் டாக்டர். ஒரு பல்லுக்கு ஊசி போட்டு, அது மரத்துப்போற நேரத்துல வந்து ஒரு கப்பலை உடைச்சுட்டுப் போயிருவா. அவ்வளவு கைத்திறன். எங்கிட்ட வந்து, 'அக்கா, ஆயிரம் குண்டு கிடைக்குமா?'ன்னு கேட்டா. அக்கான்னு கூப்பிட்டா, பாருங்க. எங்க வீட்டுக்காரரு படையில நாப்பது பேரு இருக்காங்க, ஒருத்தராவது அக்கான்னு கூப்பிட்டது உண்டா? 'ஏய் மண்டி, சரக்கு எங்கே'ம்பாங்க. குடுத்தேன். நடு வானத்துக்கே கொண்டுபோய், அவ மலைக் கப்பலோட ஒட்டி நின்னு, ஏத்திவிட்டு வந்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை.

கார்த்திகையில ஒரு சனிக்கிழமை, அவ அடிச்ச அடியில தென்திசைப் படை சிதறிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் கப்பலு தூள் தூள். உடைஞ்சா உங்க விளையாட்டுல ஒரு சீட்டுக் காட்டுது பாருங்க, அதை யாரும்மா கண்டுபிடிச்சது? நல்லா இருப்பாங்களா அவங்க? உடைத்தவர்: கருடன். குண்டு தயாரிப்பு: மண்டி.

அவுக அதைக் கண்ணாடி போட்டுப் படிச்சாக. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி படிச்சாக.

'நீ அவளுக்கு வித்தியா?'

'கேட்டா, குடுத்தேன்.'

'எம் மேல அடிக்கிறதுக்கா?'

'எதுக்குன்னு நான் கேக்கலைங்க. வத்தல் வாங்க வர்றவங்ககிட்ட என்ன குழம்பு வைக்கப் போறீங்கன்னா கேக்குறோம்?'

'விலையாவது கூட வச்சு வித்தியா?'

இல்லம்மா. அக்கான்னு கூப்பிட்டாளேன்னு ஒரு துகளு குறைச்சில்ல போட்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்கப்படாது. சொல்லிட்டேன்.

மூணு நாளு பேச்சில்ல. காபி வச்சா, எடுத்துக் குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்து வச்சாக. 'என்னங்க, ரசமா மோரா?'ன்னு கேட்டா, ஐசக் சாரைப் பார்த்து, 'மோர் போதும்னு சொல்லுங்க'ம்பாக. அவரு பாவம், ரெண்டு முழத் தூரத்துல நிக்கிற எங்கிட்ட, 'மோர் போதுமாம்மா'ன்னு வந்து சொல்லுவார். எனக்குக் கோபம் வந்துருச்சு. நான் என்ன தப்புச் செஞ்சேன்? ரெண்டு படைக்கும் நியாயமா நடந்துக்கணும்னா ஒரே வழிதான். ரெண்டு பேருக்கும் ஒரே விலை. பதினஞ்சு. அந்தச் சமயம் கந்தகம் முழுக்க எங்கிட்டதான் இருந்துச்சு. பதுக்கலம்மா, இருந்துச்சு.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும். பதினஞ்சு துகளுக்கு யாரு வாங்குவா? இருக்கப்பட்டவன் வாங்குவான். இல்லாதப்பட்டவன் குண்டுப் பீரங்கியைக் கழட்டி வச்சுட்டு ஒளிக்கதிரை மாட்டிக்கிட்டான். ஒளிக்கதிருக்குச் செலவு இல்லதான். ஆனா கவசம் மேல பட்டா டார்ச் லைட் அடிச்ச மாதிரித்தான் இருக்கு. கவசம் தானே தேறிக்குது. நீ அடிக்க, நான் அடிக்க, ரெண்டு மணி நேரமாச்சு, ஒருத்தனும் சாகல. சலிச்சுப்போயி, 'நாளைக்குப் பார்ப்போம்'னு போயிருவாங்க. நாளைக்கு வர மாட்டாங்க. நாப்பது பேரு இருந்த தென்திசைப் படை தை மாசத்துல பதினோரு பேரு. திருவிழாத் தெரு மாதிரி இருந்த இடம், கடையடைப்பு நாளு மாதிரி ஆயிப்போச்சு. சேலத்துல இருந்து ஒரு நர்ஸம்மா வந்து விளையாடும், போறப்போ, 'எனக்குக் குண்டு வாங்கக் கட்டுப்படியாகல, எல்லாரும் நல்லா இருங்க'ன்னு எழுதிட்டுப் போச்சு. எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஏன்தான் இப்படி எல்லாரும் விட்டுட்டுப் போறாங்களோன்னு நினைச்சுக்கிட்டேன்.

பிறகு மாசியில நீங்க வந்தீங்க, கோடாரியைத் தூக்கிக்கிட்டு. ஒரே நாளுல எல்லா நிலையத்துலயும் ஒரு துகளுக்கு நூறு குண்டு, எம்புட்டு வேணும்னாலும். என் சரக்குக் கிட்டங்கியில ஒம்பது லட்சம் குண்டு கிடந்துச்சும்மா. ஒம்பது லட்சம்! ராத்தூக்கம் போச்சுன்னா நம்புவீங்களா? அன்னைக்குத்தான் 'மதிப்பிற்குரிய ஐயா' ஆரம்பிச்சேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். பேச்சும் வந்துருச்சு. 'பார்த்தியா தமயந்தி, குண்டு சும்மா!' கால் கட்டைப் பிரிச்சு, வாக்கர் புடிச்சு நடந்துக்கிட்டே விளையாடினாக. பொத்தான்மேல ஒரு வத்தல் பொட்டலத்தைத் தூக்கி வச்சுருவாக, அதுபாட்டுக்குச் சுடும். எல்லாரும் அப்படித்தான். கம்ப்யூட்டர்ல குண்டைத் தவிர வேற ஒண்ணும் தெரியல. கம்ப்யூட்டரே திணறித் திணறி நிக்குது. அதிகப் பீரங்கி உள்ளவன் எவனோ அவன் ஜெயிக்கிறான். பரிமளாவோட மலைக் கப்பலுக்கு முப்பது பீரங்கி. சின்னக் கப்பலெல்லாம் பக்கத்துல வர்றதுக்குள்ள போச்சு. ரெண்டு வாரத்துல எங்க வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போச்சு. பதினோரு பேரு அஞ்சு பேரானாங்க.

போன சனிக்கிழமை வத்தல் லாரி வந்து, கணக்கெல்லாம் முடிச்சு நான் மேலே வர்றேன். அவுக ஹெட்போனைக் கழட்டி மடியில வச்சுட்டு உக்காந்திருக்காக. கத்தலே இல்ல. திரும்பக் காலுல ஏதோன்னு நினைச்சேன்.

'என்னங்க?'

'கருடன் எங்க நிலையத்தை இன்னைக்குப் பிடிச்சிருவா, தமயந்தி. அவ பக்கம் முப்பது பேரு. நாங்க அஞ்சு பேரு. அதுல ரெண்டு பேரு வரல.' ஹெட்போனை எடுத்து எங்கிட்ட நீட்டி, 'நீ வாறியா?'ன்னாக.

கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல, 'இதைச் செய், அதைச் செய்'னுதான் கேட்டிருக்கேன். 'வாறியா'ன்னு கேட்டதில்ல. அவுக முகத்தையே பார்த்தேன். சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு, ஐசக் சார் கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்துட்டேன்.

என் கப்பலோ சரக்குக் கப்பல். முன்னாடி ஒத்தைப் பீரங்கி, கொள்ளைக்காரனை மிரட்டுறதுக்கு வச்சது. ஒரு தடவைகூடச் சுட்டதில்ல. அவுக அந்த அறையில இருந்து கத்துறாக: 'அடி தமயந்தி, பொத்தானை விடாத, குண்டு சும்மாதான!' எனக்குக் கை வரலம்மா. சும்மான்னா வாரி இறைக்கணுமா? அதுவும் எங்கிட்ட இருந்தது நிலையத்துல வாங்கின குண்டு இல்ல. நான் பொறுக்கிப் பொறுக்கிச் செஞ்சது. ஒவ்வொண்ணும் பதினஞ்சு துகளு பெறும்.

அதனால சுடாம, ஒரு கல்லுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னு, மலைக் கப்பலையே பார்த்துக்கிட்டிருந்தேன். அப்ப எனக்குப் பழைய ஞாபகம் ஒண்ணு வந்துச்சு. முன்னாடி அந்தக் கப்பலோட ஒட்டி நின்னு நான்தானே சரக்கு ஏத்துவேன்? பீரங்கிக்குக் குண்டு நிரப்புறப்பல்லாம், முன்பக்கத்துல சரக்கு ஏத்துற வாயை மூடி நீலமா எரியுதே கவசம், அது அணையும். ஒண்ணு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள திரும்ப எரிஞ்சிரும். தூரத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. அந்த வாய் கிட்டக்க நின்னவ நான் ஒருத்திதான்.

இப்ப நீங்களே யோசிங்க. குண்டு பதினஞ்சு வித்தப்போ பரிமளா யோசிச்சு யோசிச்சுத்தான் சுட்டா. பீரங்கி காலியாக அரை மணி ஆகும். இப்பத்தான் சும்மாவாச்சே, விடாமச் சுடுறா. முப்பது பீரங்கியும் பன்னெண்டு செகண்டுல காலி. பன்னெண்டு செகண்டுக்கு ஒரு தடவை வாய் திறக்குது. உள்ளே கழுத்து வரைக்கும் குண்டை அடைச்சு வச்சிருக்கா.

'ஏங்க, நீங்க அவளைச் சுத்திச் சுத்தி வாங்க. உங்களைப் பார்த்தாத்தான் அவ நிறுத்தாமச் சுடுவா'ன்னேன். அவுக மறுபேச்சுப் பேசாமப் போனாக. நான் எண்ணினேன். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. நீலம் அணைஞ்சது. ரெண்டு குண்டு. எரிஞ்சது, நிறுத்திட்டேன். மறுபடி பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. ரெண்டு குண்டு. அவுக கப்பல்ல ஒரு றெக்கை போச்சு. 'தமயந்தி, இன்னும் எம்புட்டு நேரம்?' 'இருங்க.' அடுத்த றெக்கையும் போச்சு. 'தமயந்தி!' 'இருங்கன்னேன்ல!' நாப்பத்தோராவது குண்டு வாய்க்குள்ள போச்சு. அம்புட்டுத்தான், உள்ளே கிடந்த அத்தனை குண்டும் ஒண்ணா வெடிச்சு, கம்ப்யூட்டரே வெள்ளையாயிருச்சு. நாப்பத்திரெண்டாவது குண்டு கையில மிச்சம்.

உடைத்தவர்: மண்டி. குண்டு தயாரிப்பு: மண்டி.

அவுக வாக்கர் இல்லாம, நொண்டிக்கிட்டே இந்த அறைக்கு வந்தாக. வந்து, அந்தச் சீட்டைப் பார்த்தாக. கண்ணாடி போடவே இல்ல. ஐசக் சார் நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டு உக்காந்துட்டாக. அம்புட்டு நேரம் சேர்ந்தாப்புல ஒரே இடத்துல அவுக உக்காந்து நான் பார்த்ததில்ல.

பரிமளா போன் பண்ணினா. 'சரக்கு இறக்க வந்த இடத்துல வேவு பார்த்திருக்கீங்களே, அக்கா'ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் வேவு பார்க்கலம்மா, கண்ணுல பட்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டா சரக்கு இறக்க முடியும்? அப்புறம் அவளே சிரிச்சா. 'ஆனா அக்கா, நாலு மாசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் நிஜமாச் சண்டை போட்ட மாதிரி இருந்துச்சு. இன்னொரு சண்டை எப்போ?'ன்னா. மறுநாள் பார்த்தா தென்திசைப் படையில பதினேழு பேரு. சேலத்து நர்ஸம்மாகூட வந்து, 'அந்த நீலம் அணையுறதை எனக்கும் காட்டுங்க'ன்னு நிக்குது.

இதுதாம்மா நடந்தது. என்ன சொல்றீங்க? அந்த நீலம் அணையுறது உங்காளுங்க செஞ்ச பிழையா? யாருக்கும் தெரியாம இருந்துச்சா? அதை அடைக்கத்தான் வந்தீங்களா?

அடைக்காதீங்க. கும்புட்டுக் கேக்குறேன். விலையைப் பதினஞ்சு வச்சா இல்லாதவன் ஓடிப்போறான். சும்மா குடுத்தா ஒருத்தனும் குறி பார்க்க மாட்டேங்கிறான். விலையை மட்டும் ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தா ஆகாது தாயி. நாலு வைங்க, பழைய நாலு. அந்த ரெண்டு செகண்டை மூணாக்குங்க. விடாமச் சுடுறவனுக்கு வாய் அடிக்கடி திறக்கட்டும். பத்தே குண்டு வாங்க முடிஞ்சவனும் அதுக்குள்ள பார்த்து ஒண்ணு போடட்டும். ஒளிக்கதிர் வச்சிருக்கிறவனுக்கும் ஒரு அடி கிடைக்கட்டும். அப்ப எல்லாரும் வருவாங்க. எனக்காகச் சொல்லல, நான் வியாபாரத்தையே விட்டாச்சு.

எழுதிக்கிட்டீங்களா? நாலுன்னா எழுதியிருக்கீங்க? நல்லா இருப்பீங்க. வெள்ளிக்கிழமையே மாத்திருவீங்களா? யாருகிட்டேயும் சொல்லக்கூடாதா? ஐயய்ய, நான் எதுக்குச் சொல்றேன்? எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டேன், அவுகளுக்கு வாயி நிக்காது. பரிமளாகிட்ட மட்டும்... சரி, சரி, அவகிட்டேயும் சொல்லல.

வெள்ளிக்கிழமை காலையிலயா, சாயங்காலமாம்மா? இல்ல, சும்மாத்தான் கேக்குறேன். இன்னைக்குப் புதன். அப்ப இன்னும் ரெண்டு நாளைக்கு ஒரு துகளுக்கு நூறுதான், இல்லையா? ஒரு ஆளு இம்புட்டுத்தான் வாங்கலாம்னு வரம்பு எதுவும் வைக்கலையே?

ஏம்மா சிரிக்கிறீங்க? உள்ளே அவுக சிரிக்கிற சத்தமும் கேக்குது பாருங்க. நான் இப்ப என்னத்தைத் தப்பாக் கேட்டுட்டேன்?